ஹால் டிக்கெட் வந்துடுச்சா பாப்பா?

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அம்மா போன் பண்ணினாள். "பாப்பா சாப்பிட மாட்டேங்குறா. தட்டுல கை வைக்கிறா, எடுத்துடுறா. அடுத்த மாசம் பரீட்சையாம்." போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ தூங்கிவிட்டதாகச் சொன்னாள். பின்னால் பக்கம் புரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் தாடிக்கொம்பிலும் அகரத்திலும் வேடசந்தூரிலும் காலையில் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, டிபன் பாக்ஸை ரெகார்ட் நோட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறுகிற எல்லா நர்சிங் பிள்ளைகளும் படிக்கலாம்.

"பயப்படாதே" என்று நான் சொல்லப்போவதில்லை. நாலு வருஷமும் எனக்கு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஒரு தடவைகூடப் பயம் போகவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பேஷன்ட்டிடம் "வலிக்கவே வலிக்காது" என்கிற மாதிரிதான் அது. வலிக்கும் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

என் அரியர் உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது நீ நாலாவதோ அஞ்சாவதோ. எங்களுக்கு செமஸ்டர் கிடையாது, வருஷத்துக்கு ஒரு பரீட்சை. ஃபர்ஸ்ட் இயர் அனாடமி, பிசியாலஜி. புத்தகத்தை நாலு தடவை படித்திருந்தேன். மஞ்சள் மார்க்கர் ரெண்டு தீர்ந்தது. ஹாலில் முதல் எஸ்ஸே இதயத்தின் அமைப்பு. தெரிந்த கேள்வி. தெரிந்த கேள்வி என்பதாலேயே படத்தை அழித்து அழித்து மூன்று தடவை வரைந்தேன். வலது ஏட்ரியத்துக்கு நீலமா சிவப்பா என்று ஒரு நிமிஷம் குழம்பி, உள்ளங்கை வேர்த்து, பேப்பர் நனைந்து... நிமிர்ந்து பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. மீதிக் கேள்விகளெல்லாம் தெரிந்தவைதான். எழுத நேரம் இல்லை. நாலு மார்க்கில் போனது.

ரிசல்ட் வந்த அன்றைக்கு அம்மா பேசவில்லை. அப்பத்தாதான் பூக் கட்டிக்கொண்டே, "என்னத்தா, தலையா போச்சு? திருப்பி எழுதுவா" என்றாள். திருப்பி எழுதினேன். ஆனால் படிக்கிற விதத்தை மாற்றிவிட்டுத்தான் எழுதினேன். என்ன மாற்றினேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உனக்கு ஒரு கேர் பிளான்

பிற்பாடு சர்ஜிகல் வார்டு போஸ்டிங்கில் ஒன்று புரிந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பேஷன்ட் பயந்துபோய் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன செய்வோம்? எங்கே பயம் என்று கேட்போம். நாளைக்கு என்ன நடக்கும், யார் வருவார்கள், எங்கே கூட்டிப்போவார்கள் என்று அவர் பாஷையிலேயே சொல்வோம். மூச்சுப் பயிற்சியை முந்தின நாளே பழக்குவோம். நகம், நகை, சாப்பாடு எல்லாம் செக் லிஸ்ட் போட்டுப் பார்ப்போம். இத்தனையும் அவருக்குச் செய்கிறோம். நமக்குப் பரீட்சை வந்தால் மட்டும் ராத்திரி ரெண்டு மணி வரை முழித்து, காபி குடித்து, அழுகிறோம்.

நீ வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேர் பிளானில் "ஆங்ஸைட்டி" என்று நர்சிங் டயக்னோசிஸ் எழுதுகிறாய். ஒரு தடவை உன் பேரில் எழுது. அசெஸ்மென்டிலிருந்து ஆரம்பி.

"எனக்கு எல்லாமே பயம்க்கா" என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். "உடம்பு பூரா வலி" என்கிற பேஷன்ட்டையும் விரல் வைத்துத் தொட்டு எங்கே என்று கேட்கத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? என் கூடப் படித்த ஒருத்தி வைவாவில் பம்பரம் மாதிரி சுற்றுவாள், ஆம்ப்யூல் உடைக்கச் சொன்னால் கை நடுங்கும். எனக்கு நேர் எதிர்: கை நன்றாக ஓடும், எக்ஸ்டர்னல் மேம் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு தாளில் நாலு வரி எழுது. எழுதுகிற பரீட்சை, வைவா, பிராக்டிகல், கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு பயம் என்று மார்க் போடு, வலிக்கு ஸ்கோர் போடுகிற மாதிரி. எது அதிகமோ அதற்குத்தான் முதல் வைத்தியம்.

புத்தகத்தை மூடு

உன் பயத்தில் பாதி, ஞாபகம் வராதோ என்கிற பயம். திருப்பித் திருப்பிப் படித்தால் அது தீராது. படிக்கப் படிக்க வரி பழகிவிடும். பழகியது தெரிந்த மாதிரியே இருக்கும். ஹாலில்தான் வித்தியாசம் தெரியும்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற ரெண்டு உளவியல்காரர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களும், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களும். அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள். பரீட்சை அஞ்சு நிமிஷத்தில் வருவதில்லையே.

அதனால் ஒரு பக்கம் படித்ததும் மூடு. பழைய ரஃப் நோட்டில் ஞாபகம் வருவதைக் கிறுக்கு. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். ஆரம்பத்தில் கேவலமாக இருக்கும், எனக்கும் அழுகை வந்தது. நாலாவது நாளிலிருந்து பிடிபடும்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் வெளியே பேசுவதில்லை. நீ பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சுகர் ஏன் வருகிறது என்று அப்பத்தாவுக்கு அழகாகச் சொல்கிறாய். அதையே இங்கிலீஷில் எழுதச் சொன்னால் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். பாடம் தெரியாத பயமும் வாக்கியம் வராத பயமும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் வேறே.

நான் செய்தது இது. முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்வேன், அம்மா அவரைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து. அம்மாவுக்குப் புரிந்தால் எனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதே விஷயத்துக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு முதல் வாக்கியம், டெஃபினிஷன். அதை மட்டும் மனப்பாடம் செய்தேன். முதல் வரி கையிலிருந்தால் இரண்டாவது வரி தானாக வரும். வார்த்தைகளை முழுசாக முழுங்காதே, பிய்த்துப் பார். "டிஸ்" என்றால் சிரமம், "ப்னியா" என்றால் மூச்சு. "டாக்கி" வேகம், "பிராடி" மெதுவு. கடைசியில் "ஐட்டிஸ்" வந்தால் அழற்சி, "எக்டமி" வந்தால் வெட்டி எடுப்பது. இப்படி முப்பது நாற்பது துண்டு தெரிந்தால், பார்த்தே இராத வார்த்தைகூட ஹாலில் பாதி புரியும். துண்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அப்பாவுக்கு இன்றைக்கும் அப்பெண்டெக்டமி என்றால் என்ன என்று தெரியும்.

ஹாலில் மணிக்கணக்கு

உங்கள் சிலபஸ் 2021-இல் இந்தியன் நர்சிங் கவுன்சில் மாற்றியது. யுனிவர்சிட்டி தியரி பேப்பர் 75 மார்க், 3 மணி நேரம், 25 இன்டர்னல். 180 நிமிஷத்தை 75-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு ரெண்டரை நிமிஷம்கூட முழுசாக வராது. அஞ்சு மார்க் கேள்விக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்தி இடம் விட்டு அடுத்ததுக்குப் போ. நான் செய்யாதது இதுதான்.

உனக்கு இந்த செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரியும் நியூட்ரிஷனும் ஒரே பேப்பர். பயோகெமிஸ்ட்ரி என்றால் உனக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் அது 25 மார்க்தான், நியூட்ரிஷன் 50. பயத்துக்குப் பயந்து பாதி நாளைப் பயோகெமிஸ்ட்ரிக்கே கொடுத்துவிடாதே. ஹாலிலும் அதற்கு ஒரு மணி நேரம்தான். ராகி, கீரை, புரதக் குறைபாடு, சுகர் டயட் என்று நம் வீட்டுச் சமையலிலேயே கிடக்கிற மார்க்கை முதலில் பொறுக்கு.

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் பேனாவைக் கீழே வை. நன்றாகத் தெரிந்ததற்கு ஒரு டிக், அரைகுறைக்கு ஒரு புள்ளி. தெரிந்த ஷார்ட் நோட்ஸ் ரெண்டை முதலில் எழுது. கை சூடாகட்டும். எஸ்ஸே ஓடிப்போகாது.

மூச்சு

நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உன் பிசியாலஜிப் பேப்பரிலேயே வந்திருக்கும். அட்ரினல் மெடுல்லா, சிம்பதெட்டிக், பல்ஸ் ஏறும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறளும். இது வியாதி கிடையாது. உடம்பு தயாராகிறது, கொஞ்சம் ஓவராக. மூச்சை வெளியே விடுவதை நீளமாக்கினால் பல்ஸ் இறங்கும். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அஞ்சு நிமிஷம். ஆனால் பரீட்சை அன்றைக்கு ஹால் வாசலில் முதல் தடவையாகச் செய்து பார்த்தால் தலைதான் சுற்றும். ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்துவிட்டா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்போம்?

பஸ்ஸில் பழகு. தாடிக்கொம்பில் ஏறி உட்கார்ந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்துப் பல்ஸ் எண்ணு. மூச்சைச் செய். ஊருக்குள் நுழையும்போது திரும்ப எண்ணு. எவ்வளவு இறங்கியது என்று கைடுக்குப் பின் பக்கத்தில் எழுதி வை. இறங்குகிறது என்று உன் கையாலேயே எண்ணிப் பார்த்துவிட்டால் அப்புறம் அதை நம்புவாய். யூடியூபில் "உன்னால் முடியும்" என்று கத்துகிற ஆளைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. பயத்தைத் தாளில் எழுதுவது. சிகாகோவில் ரமிரெஸ், பெய்லாக் என்பவர்கள் செய்த ஆய்வு 2011-இல் "சயின்ஸ்" இதழில் வந்தது. பரீட்சைக்கு முன்னால் பத்து நிமிஷம் தங்கள் பயத்தை அப்படியே எழுதிய பிள்ளைகள், அதிலும் ரொம்பப் பயப்படுகிறவர்கள், நன்றாக எழுதினார்கள். மனசில் சுற்றிக்கொண்டிருப்பது தாளுக்குப் போனால் மூளையில் இடம் காலியாகிறது என்பது அவர்கள் விளக்கம். எனக்கு விளக்கம் முக்கியமில்லை, வேலை செய்தது. நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் எழுதுவேன். "ஃபெயிலானால் அப்பா ஃபீஸ் கட்டக் கடன் வாங்கியது வீணாகும்." "அத்தை கேட்பாள்." இப்படித்தான் இருக்கும். எழுதியதைக் கசக்கி அடுப்பில் போட்டுவிடு, அம்மா கையில் கிடைக்க வேண்டாம்.

கை நடுங்குகிறதா?

நர்சிங் ஃபவுண்டேஷன் பிராக்டிகல் உனக்கு இந்த செமஸ்டரில்தான் வருகிறது. தியரியில் தனியாக, பிராக்டிகலில் தனியாக 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது.

பிராக்டிகலுக்கு மூளையை நம்பாதே, கையை நம்பு. வாயால் சொல்லிக்கொண்டே செய்து பழகு: "டிரேயில் என்னென்ன இருக்கு பார்க்கிறேன், கை கழுவுகிறேன், பேஷன்ட் பேர் கேட்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன்." சமையலறை டிரேயில் கரண்டியைக் கிட்னி டிரேயாக நினைத்துச் செய். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

நடுவில் மறந்துபோனால்? கை கழுவு. பேஷன்ட்டிடம் "அம்மா, பயப்படாதீங்க, கொஞ்சம் நேரம்தான்" என்று பேசு. ரெண்டுமே செக் லிஸ்டில் மார்க் இருக்கிற வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் அடுத்த ஸ்டெப் தானாக வரும். ஸ்டெரைல் கிளவுஸ் மட்டும் ஈரக் கையில் ஏறவே ஏறாது. கையை நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் போடு. எனக்கு ஒரு தடவை எக்ஸ்டர்னல் முன்னாலேயே கிழிந்தது. "இன்னொன்று எடுத்துக்கறேன் மேம்" என்று எடுத்துக்கொண்டேன். கிழிந்ததைப் போட்டுக்கொண்டு தொடர்ந்திருந்தால்தான் தப்பு. தப்பு நடந்ததும் சொல்லிவிட்டுத் திருத்துகிற பிள்ளையைப் பார்த்தால் அனுபவமுள்ள மேம்களுக்குப் பிடிக்கும். வார்டில் அவர்களுக்கு வேண்டியதே அப்படிப்பட்ட நர்ஸ்தான்.

ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்க வைத்து மணி அடிக்கிற ஆஸ்கி பரீட்சையில் ஒரு விதி போதும்: மணி அடித்ததும் முந்தின ஸ்டேஷன் செத்துப்போச்சு. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் இந்த முறையை எழுதியதே, ஒரே பரீட்சகரின் ஒரே கேள்வியில் ஒரு பிள்ளையின் தலையெழுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். ஒரு ஸ்டேஷனில் சொதப்பியதை அடுத்ததுக்குத் தூக்கிப்போனால் அந்த உதவி வீண்.

வைவாவுக்கு: தெரியவில்லை என்றால் "தெரியலை மேம்" என்று சொல். தெரிந்து வரவில்லை என்றால் "ஒரு நிமிஷம் மேம்" என்று சொல். ரெண்டுக்கும் நடுவில் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் மோசம். பொட்டாசியம் நார்மல் கேட்டபோது நான் ஃபேனைப் பார்த்தேன். 3.5 முதல் 5. இனி சாகும்வரை மறக்காது.

கணக்கு. 500 மில்லி சலைன், 4 மணி நேரம், செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கு, 240 நிமிஷத்தால் வகு. 41.67, அதாவது நிமிஷத்துக்கு 42 சொட்டு. தினம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் இப்படி ஒரே ஒரு கணக்கு. விடை வந்ததும் கண்ணை மூடி அந்தச் சொட்டைப் பார். 420 என்று வந்தால் கண்ணால் எண்ண முடியுமா? முடியாது, எங்கேயோ ஒரு சைபர் கூடிப்போச்சு. வார்டிலும் இதே பழக்கம்தான் காப்பாற்றும்.

முந்தின நாள்

தேய்பிறை அஷ்டமியா என்று காலண்டரைப் பார். சிரிக்காதே. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சொர்ண ஆகர்ஷண பைரவருக்கு அன்றைக்கு எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும், நம் ஊர் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. முகூர்த்த நாளும் அப்படியே. அன்றைக்கு ஒரு பஸ் முன்னாலேயே கிளம்பு. அப்பாவை வண்டி எடுக்கச் சொன்னாலும் சரி.

கோயில் என்றதும், அம்மா உன்னை ஹயக்கிரீவர் சன்னதிக்கும் தன்வந்திரி சன்னதிக்கும் கூட்டிப்போகப் பார்ப்பாள். எனக்கும் செய்தாள். போ, வேண்டாம் என்று சொல்லாதே, குடகனாற்றங்கரைக் காற்றுக்காகவாவது போ. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் போ. பரீட்சை அன்றைக்குக் காலையில் வேண்டாம்.

ஹால் டிக்கெட், ஐடி கார்டு, ரெண்டு பேனா, சாதாரணக் கைக்கடிகாரம், தண்ணீர் பாட்டில் எல்லாம் ராத்திரியே பையில் வை. பத்தரைக்குப் படு. காலையில் இட்லி, தயிர் சாதம். பிரியாணி பரீட்சை முடிந்த பிறகு. திண்டுக்கல்லில் பிரியாணி எங்கும் ஓடிப்போகாது. காபி ஒரு தம்ளருக்கு மேல் வேண்டாம், ஏற்கனவே துடிக்கிற நெஞ்சுக்கு அது எதற்கு?

ஹால் வாசலில் "இது படிச்சியா, அது படிச்சியா" என்று கேட்கிற கூட்டத்திலிருந்து தள்ளி நில். வாட்ஸப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற "ஷ்யூர் கொஸ்டின்ஸ்" லிஸ்ட்டைத் திறக்காதே. பரீட்சை முடிந்து விடை ஒப்பிட்டுப் பார்க்காதே. அடுத்த பேப்பர் இருக்கிறது.

இதை மட்டும் கண்டிப்பாகக் கேள்

சீனியர் யாராவது "இதைப் போட்டுக்கோ, கை நடுங்காது" என்று ப்ரொப்ரானலால் கொடுத்தால் வாங்காதே. தூக்க மாத்திரையும் அப்படியே. மருந்து கை எட்டுகிற தூரத்தில் இருப்பதுதான் நம் படிப்பில் உள்ள ஆபத்து. உனக்குச் சின்ன வயசில் வீஸிங் இருந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ப்ரொப்ரானலால் ஏன் ஆகாது என்று பார்மகாலஜியில் படிக்கப்போகிறாய்.

ரெண்டு வாரமாகியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு நொடி தோன்றினாலும், டிப்ஸ் எல்லாம் போதாது. எனக்கு உடனே போன் பண்ணு, நைட் டியூட்டியாக இருந்தாலும். நான் எடுக்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104-உம் இருக்கிறது. நீட் ரிசல்ட் சமயத்தில் நம் அரசு பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் கொடுத்தது அந்த எண்ணில்தான். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல ஓ.பி.க்கு நானே கூட வருகிறேன். காய்ச்சலுக்கு ஓ.பி. போனால் ஊர் பேசாது, இதற்கு மட்டும் என்ன பேச்சு?

சனி, ஞாயிறு எனக்கு ஆஃப். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் மெடிக்கலில் ஸ்டெரைல் கிளவுஸ் நாலு ஜோடி வாங்கிக்கொண்டு வருகிறேன். அம்மாவைக் கட்டிலில் பேஷன்ட்டாகப் படுக்க வை, நான் எக்ஸ்டர்னல். அம்மா படுத்த இடத்திலிருந்தே பதில் எடுத்துக் கொடுப்பாள், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி நிறுத்தி வை. அப்புறம், இன்றைக்கு ராத்திரி ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு எனக்கு மெசேஜ் போடு.